இடித்தது முதலில் தெரிகிறது, வலி ஏன் பிந்துகிறது?

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இருட்டில் கால் விரலை இடித்துக்கொண்டால், இடித்தது அப்போதே தெரிந்துவிடுகிறது, உயிர் போகிற வலியோ சற்றுப் பிந்தித்தான் வருகிறது. ஒரே விரல், ஒரே நரம்பு என்னும்போது இந்த வேறுபாடு ஏன்? விரலைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதாகத் தோன்றுவது வெறும் மனப்பிரமையா?"

'ஒரே நரம்பு' என்று அவர் எண்ணுவதில்தான் சிக்கல் இருக்கிறது. நரம்பு என்பது ஒற்றைக் கம்பியன்று. தடிமனிலும் வேகத்திலும் வேறுபட்ட ஏராளமான இழைகளின் கற்றை. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் இழைகள் தடித்தவை, மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தவை. அந்த உறை விட்டுவிட்டு அமைந்திருப்பதால், மின்துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவி, நொடிக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீட்டர் வரை விரைகிறது. வலிக்கோ இரண்டு வகை இழைகள் உண்டு. மெல்லிய உறை கொண்டவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் 'சுருக்'கென்ற முதல் வலியைத் தருகின்றன. உறையே இல்லாதவை நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில், எரிச்சலும் கடுப்புமாகப் பரவும் இரண்டாம் வலியைச் சுமந்து வருகின்றன. கால் விரலிலிருந்து தண்டுவடம் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொடுதல் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் அங்கே சேர்ந்துவிடும். இரண்டாம் வலிக்கு ஒரு நொடியே ஆகிவிடலாம். நேயர் கவனித்த தாமதம் இதுதான்.

தண்டுவடத்துக்குள் நுழைந்த பிறகும் இவை ஒரே வழியில் செல்வதில்லை. தொடுதலின் இழை தான் நுழைந்த பக்கத்திலேயே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வரை ஏறி (விரலில் தொடங்கும் அதே செல்லின் இழைதான் அதுவரை நீள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு), அங்கே அடுத்த செல்லிடம் செய்தியை ஒப்படைத்த பிறகே பாதை மறுபக்கம் மாறுகிறது. வலியும் வெப்பமும் தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. அதனால்தான் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டவருக்கு, காயத்துக்குக் கீழே அதே பக்கத்தில் நுண்ணிய தொடுவுணர்வும் எதிர்ப்பக்கத்தில் வலியுணர்வும் இல்லாமல் போகின்றன. 19ஆம் நூற்றாண்டில் பிரௌன் செக்கார் என்ற மருத்துவர் விளக்கிய இந்த நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரு பாதைகளும் மூளையின் நடுவே உணர்வுச் செய்திகளைக் கைமாற்றும் தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணியைச் சேர்கின்றன.

தேய்த்தால் வலி குறைவது பிரமையன்று. தேய்க்கும்போது தூண்டப்படும் தடித்த இழைகள், தண்டுவடத்தில் உள்ள சிறு இடைச் செல்களை இயக்கி, வலிச் செய்தி மேலே செல்வதைத் தணிக்கின்றன என்று ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்ற பெயரில் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த இணைப்புகளில் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும், தொடுதல் வலியைத் தண்டுவடத்திலேயே அடக்க முடியும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. தோலின் மீது மெல்லிய மின்தூண்டல் கொடுத்து வலியைத் தணிக்கும் கருவிகள் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே.