கொள்ளையர் கொடியும் நாமியின் கடனும்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானியக் கார்ட்டூன் படங்களான அனிமே பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்களைப் பற்றியும் பேசாமல் எனக்கு இந்தப் பேச்சு நகராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 9. காட்மாண்டுவில் நேபாள அரசின் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிகிறது. அதன் வாயில் கதவில் ஒரு கறுப்புக் கொடி தொங்குகிறது. குறுக்கே இரண்டு எலும்புகள், நடுவில் இளிக்கும் மண்டையோடு, தலையில் வைக்கோல் தொப்பி. 'ஒன் பீஸ்' கொடி. தொலைக்காட்சியில் பார்த்த பெரியவர்கள் பலருக்கு அது என்ன கட்சிக் கொடி என்றே புரியவில்லை. இளைஞர்களிடம் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் கதையே சொல்லியிருப்பார்கள்.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்காக: எய்இச்சிரோ ஓடா 1997 ஜூலையில் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடங்கிய மாங்கா, அதாவது சித்திரக் கதை, இது. இன்னும் முடியவில்லை. வைக்கோல் தொப்பி போட்ட லூஃபி என்ற பையன் ஒரு படகில் கிளம்பி, வழியில் ஆள் சேர்த்துக்கொண்டு, கடற்கொள்ளையர்களின் ராஜா ஆகிவிடப் பார்க்கிறான். அந்தக் கொடி அவன் கூட்டத்தின் கொடி. பேர்தான் கொள்ளையன், கொள்ளையடித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, சாப்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த உலகத்தை ஆள்வது 'உலக அரசு'. அதன் உச்சியில் இருக்கும் பிரபுக்களை எந்தச் சட்டமும் தொடாது.

அதே 2025 ஜூலையில் இந்தோனேசிய லாரி ஓட்டுநர்கள் இந்தக் கொடியை வண்டியில் கட்டத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 17 அவர்களின் 80-வது சுதந்திர தினம். அதற்குள் வீட்டு வாசல்களிலும் கொடி ஏறிவிட்டது. நாட்டைப் பிளக்கிற முயற்சி என்று சில அரசியல்வாதிகள் பதறினார்கள். ஒரு கார்ட்டூனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் செய்ய முடியாது. செப்டம்பர் 21-ல் மணிலாவின் ஊழல் எதிர்ப்புப் பேரணியிலும் அதே கொடி. இதில் ஒரு வேடிக்கை: அனிமேயைத் தயாரிக்கும் தோயெய் நிறுவனத்துக்குப் பிலிப்பைன்சில் ஒரு ஸ்டூடியோ பல வருடங்களாக இருக்கிறது. ஜப்பானியக் கதை என்று நாம் பார்ப்பதில் பிலிப்பினோ கைகள் வரைந்தது நிறைய.

சரி, இத்தனை கதைகள் இருக்கும்போது ஏன் இது? சுதந்திரம், நட்பு, கனவு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எந்தக் கதையில்தான் நட்பும் கனவும் இல்லை? நான் நாமியைக் காட்டுவேன்.

நாமி லூஃபியின் கப்பலில் வழிகாட்டி. அவளுடைய தீவை அர்லாங் என்ற மீன்மனிதன் பிடித்துக்கொள்கிறான். உயிரோடு இருக்க வேண்டுமானால் வரி: பெரியவருக்கு ஒரு லட்சம் பெரி (அந்த உலகத்துப் பணம்), குழந்தைக்கு ஐம்பதாயிரம். வளர்ப்புத் தாய் பெல்மேரிடம் இருப்பது மொத்தமே ஒரு லட்சம்தான். வீட்டில் இருக்கும் இரண்டு பெண் குழந்தைகளைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். அவளோ, இது என் பிள்ளைகளுக்கு என்று பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே சாகிறாள். அப்புறம் நாமி அர்லாங்கோடு ஒரு ஒப்பந்தம் போடுகிறாள்: பத்துக் கோடி கொடுத்தால் ஊர் அவளுக்கு. அப்போது வயது பத்து. எட்டு வருடம் கடல் கடலாக அலைந்து, திருடி, ஆரஞ்சுத் தோப்பில் புதைத்து வைக்கிறாள். 9 கோடியே 30 லட்சம் சேர்ந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து வருகிறான் நெசுமி, கடற்படை கேப்டன், அரசாங்க ஆள். திருட்டுப் பணம் என்று சொல்லி மொத்தத்தையும் தோண்டி எடுத்துப் போகிறான். அர்லாங்கிடம் லஞ்சம் வாங்கியவன் அவன்.

இதை நேபாளத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கும் மேல். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் கொரியாவுக்கும் பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போகும் முன்பே ஏஜென்டுக்குக் கடன். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு ஓடுகிறது. அரசியல்வாதிகளின் பிள்ளைகள் விலை உயர்ந்த பைகளோடு படம் போடுகிறார்கள். செப்டம்பர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உட்பட 26 சமூக வலைதளங்களை அரசு தடை செய்தது. தூரதேசத்தில் இருக்கும் அண்ணனின் முகத்தை வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இவற்றில்தான். அதையும் நிறுத்தினால்? 8-ம் தேதி தெருவில் இறங்கியவர்களில் 19 பேர் அன்றே இறந்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி ராஜினாமா.

அனிமேதான் அரசைக் கவிழ்த்தது என்று ரசிகர்கள் சிலர் பெருமையடித்துக்கொண்டார்கள். அது சும்மா. வேலையின்மையும் ஊழலும் துப்பாக்கிச் சூடும் இல்லாமல் எந்தக் கொடியும் எதையும் கவிழ்த்திருக்காது. கட்டடங்கள் எரிந்ததிலும் சிறைகள் உடைந்ததிலும் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

இப்போது சினிமாவுக்கு வருவோம். ஹாலிவுட் 2009-ல் 'டிராகன்பால்' என்ற மாங்காவின் கதையை எடுத்து, அதன் நாயகன் கோகுவை அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆக்கியது. திருத்தச் சொன்னேன், கேட்கவில்லை என்று அந்தக் கதையைப் படைத்த அகிரா தொரியாமாவே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். 2021-ல் 'கவ்பாய் பீபாப்' என்ற அனிமே, நடிகர்கள் நடித்த நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது. மூன்று வாரத்தில் மூட்டை கட்டினார்கள். 2023-ல் 'ஒன் பீஸ்' கதையும் அப்படியொரு நெட்ஃபிளிக்ஸ் தொடராக வருகிறது என்றபோது நானும் தலையில் கை வைத்தேன். ஓடா திருப்தி அடையும் வரை வெளியிட மாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் படப்பிடிப்பு, லூஃபியாக மெக்சிகோ நாட்டு இன்யாகி கோதோய். நன்றாகவே வந்தது. நாமியின் கதையை அவசரப்பட்டு வெட்டவில்லை. அவள் தன் கையில் பச்சை குத்தியிருக்கும் அர்லாங்கின் சின்னத்தைக் கத்தியால் குத்திக்கொண்டு, கடைசியில் 'உதவி செய்' என்று கேட்கும் இடம் அப்படியே இருக்கிறது. லூஃபி, யாரையும் தொட விடாத தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைக்கிறான்.

தழுவல் என்றால் முடியின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது என்று நினைப்பவர்கள் மடகாஸ்கரைப் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்று அங்கே இளைஞர்கள் கிளம்பியபோது, கொடியில் வைக்கோல் தொப்பியை எடுத்துவிட்டு அந்த நாட்டு பெட்சிலேயோ மக்கள் அணியும் தொப்பியைப் போட்டார்கள். எந்த ஸ்டூடியோவிடமும் உரிமை கேட்கவில்லை. சென்ற சில வருடங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த தழுவல் இதுதான்.

கதை பிறந்த ஜப்பானில் என்ன நடந்தது? அதே 2025 ஜூலையில் நாடாளுமன்ற மேலவைத் தேர்தல். 'ஜப்பானியர் முதலில்' என்ற கோஷத்தோடு நின்ற சன்சேய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. இத்தனைக்கும் அங்கே வெளிநாட்டவர் மக்கள்தொகையில் மூன்று சதவீதம்தான். அவர்களில் நேபாளிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஜப்பானிய மொழி படிக்க மாணவர் விசாவில் போய், இரவில் கடைகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் நிற்பவர்கள் அவர்களில் நிறைய. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பள்ளிக் கட்டணம், வாடகை, ஊரில் ஏஜென்டுக்காக வாங்கிய கடன், அதன் வட்டி எல்லாம் அந்த 28 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். கூடுதலாக வேலை செய்து மாட்டிக்கொண்டால் விசா போகும். கடன் அப்படியே இருக்கும்.