எட்டணா விக்கெட்

நடுவர் ஐயாவுக்கும் கொழிஞ்சாம்பாறை மக்களுக்கும் வணக்கம். அவ்வளவுதானுங்க, நேரம் கம்மி.

நிறவெறியையும் சாதியையும் முறியடிக்கறது சட்டமா, விளையாட்டா? விளையாட்டுன்னு எங்க தம்பி, தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கின சாதியில பிறந்த கிரிக்கெட்காரர் பல்வங்கர் பாலு பேரைச் சொன்னான். சட்டத்துக்குப் பேசின அக்கா ஒரே போடு: "விக்கெட் எடுத்தும் டீ மண்குவளையிலதானே குடுத்தாங்க?" கைதட்டல்ல பந்தலே ஆடிப்போச்சு.

சரி, பாலு கதைக்கே வருவோம். புனேயில வெள்ளைக்காரங்க கிளப். ரோலர் இழுக்கணும், வலை கட்டணும். மாசம் நாலு ரூபா. கிரெய்க்னு ஒரு துரை, "என்னை அவுட்டாக்கினா ஒவ்வொரு தடவையும் எட்டணா"ன்னாராம். கணக்குப் போடுங்க, எட்டு அவுட்டுன்னா ஒரு மாசச் சம்பளம்! பாலு இடக்கைச் சுழல். நாலு பந்து குத்தி வெளியே திரும்பும். அஞ்சாவது திரும்பாம நேரா உள்ள வரும். திரும்பும்னு மட்டைய நீட்டினா ஸ்டம்ப் போச்சு, எட்டணாவும் போச்சு. துரையம்மா கேட்டிருக்கும், "இன்னிக்கும் சில்லறை இல்லியா?"

அக்கா, மண்குவளை குடுத்தது துரை இல்லீங்க, புனேயில நம்ம ஆளுங்க. வெள்ளைக்காரனை ஜெயிக்கப் பாலு வேணும், பந்தைத் தொடலாம், கோப்பையத் தொடக்கூடாது! ஆனா அதோட நிக்கலியே. பம்பாய்ல அவரைப் பந்தியில சேர்த்தாங்க. 1906-ல இந்து அணி ஐரோப்பியரை ஜெயிச்சுது. 1911 இங்கிலாந்துப் பயணத்துல பாலு 114 விக்கெட். அவருக்குத் தராத கேப்டன் பதவிய 1923-ல தம்பி விட்டலுக்குத் தந்தாங்க. தாமதம்தான், ஒத்துக்கறேன். தீண்டாமையை ஒழிச்ச உங்க அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவு வந்தது எப்போ? 1950-ல!

நிறத்துக்கு வர்றேன். 1962, வெஸ்ட் இண்டீஸ்ல பார்படோஸ் தீவு. ஹெல்மெட் இல்லாத காலம். கிரிஃபித் போட்ட பந்து நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில பட்டு மண்டையோடு விரிஞ்சிருச்சு. ஆபரேஷன், ரத்தம் வேணும். கையை நீட்டினது யாருங்க? எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வாரெல். வெஸ்ட் இண்டீஸை முழுத் தொடருக்கு நடத்த நியமிச்ச முதல் கறுப்பர். பொண்ணு பார்க்கப் போனா முதல்ல நிறத்தைக் கேக்கற நாடுங்க இது. இந்த நாட்டுக் கேப்டன் உடம்புல ஓடினது அவர் ரத்தம். கான்ட்ராக்டர் பொழைச்சார். பிப்ரவரி 3 வந்தா வாரெல் பேர்ல கொல்கத்தாவுல ரத்ததானம் பண்றாங்க.

இது எந்தப் பிரிவுல வருதுங்கக்கா? சரி சரி, மணி அடிக்காதீங்க ஐயா, உக்காந்துட்டேன்.