இதயம் தளரும் நேரத்தில் ஒரு பம்ப்

வணக்கம் நேயர்களே. எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறோம். திடீரென ரத்த அழுத்தம் 80, 60 என்று சரிகிறது. மருந்து ஏற்றியும் நிமிரவில்லை. இதயம் இளைப்பாறக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதைத் தருவதற்குத்தான் பம்ப்.

பழைய கருவி பலூன் பம்ப். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்குள் ஒரு நீள பலூன்; இதயம் விரியும்போது ஹீலியத்தால் ஊதும், சுருங்கப்போகும் நேரம் பார்த்து வாடிவிடும். 1967-ல் நியூயார்க்கில் டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இதை முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தினார். அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இன்று எங்கள் மேஜையில் படுப்பவர்களில் பலர் அவரைவிட மிகவும் மூத்தவர்கள்.

வயதானவர்களுக்குச் சிக்கல் இதயத்தோடு நிற்பதில்லை, பம்ப் உள்ளே போகும் வழியான தொடைத் தமனியிலும் இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து, வளைந்து நெளிந்து கிடக்கும். பலூன் பம்ப் இரண்டரை மில்லிமீட்டர் வழியில் நுழைந்துவிடும். இதய அறைக்குள்ளிருந்தே ரத்தத்தை இறைக்கும் இம்பெல்லாவுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரத்தின் குழாய்க்கும் அவ்வளவு, சில சமயம் இன்னும் கூட. குழாய் தமனியை அடைத்துக்கொண்டால் பாதம் சில்லிட்டு வெளுத்துப்போகும். அதனால் ஒரு கண் திரையில் இருந்தால், செவிலியரின் கை காலில் இருக்க வேண்டும்.

மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உடலுக்குப் போதுமான ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலைக்குப் போனவர்களிடம் நடந்த ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வெளியான எக்மோ ஆய்வில் இறப்பு குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. 2024-ல் வந்த இம்பெல்லா ஆய்வில் ஆறு மாத இறப்பு 58.5 சதவீதத்திலிருந்து 45.8-ஆகக் குறைந்தது. ஆனால் அங்கேயும் ரத்தக்கசிவும் கால் பாதிப்பும் அதிகம். பம்ப் இருக்கிறது, போட்டுவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், முன்னாலேயே காலின் தமனிகளை ஸ்கேன் செய்து பாருங்கள். அப்புறம், பெரியவரிடமே பேசுங்கள், மகனிடம் மட்டுமல்ல. ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "அந்த மெஷினைப் போட்டா, எத்தனை நாள்ல எடுப்பீங்க? எடுக்க முடியலைன்னா?" சில நாட்கள்தான் வைப்போம், அதற்குள் இதயம் தேறவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்றேன். "மூணு நாள் பாருங்க, அதுக்கு மேல வேண்டாம்" என்றார். அதை அப்படியே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தோம்.