பாடகர்கள் தொடங்கிய சபா

நண்பர்களே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்தது யூனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி. நம் வழக்கில் அதைச் சபா என்றே சொல்லலாம். வெளியூர்க் கலைஞர்களை வரவழைப்பது, சீட்டு விற்பது, மேடையேற்றுவது இதெல்லாம்தான் அதன் வேலை. ஆனால் அதைத் தொடங்கியவர்கள் கேட்கிறவர்கள் அல்ல, பாடுகிறவர்கள்.

1879-இல் ஊர்த் தேவாலயங்களின் பாடகர்கள் ஒன்றுகூடி ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் இயேசுவைப் பற்றி எழுதிய 'மெசையா' என்ற பெரிய கூட்டுப்பாடல் இசைப்படைப்பைப் பாடக் கிளம்பினார்கள். முன்னின்றவர் ஹென்றி ஃப்ரீஸ், லத்தீன் பேராசிரியர்! அந்தக் கூட்டம்தான் கோரல் யூனியன் என்ற பாடகர் குழு. அடுத்த ஆண்டே சொசைட்டி அமைந்துவிட்டது.

பெரிய பாடகர் குழுவுக்கு ஒரு தொல்லை உண்டு. வாத்தியங்களுக்கு 10 மீட்டர் பின்னால் நிற்பவரின் காதுக்கு ஒலி வர நொடியில் நூற்றில் மூன்று பங்கு ஆகும். காதை நம்பிப் பாடினால் தாளம் பின்வாங்கும். முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் இசை நடத்துநரின் கையைப் பார்த்துத்தான் பாட வேண்டும். அதோடு, அத்தனை குரலுக்கு ஈடுகொடுக்கத் தேர்ந்த வாத்தியக் குழுவும் வேண்டும். சொசைட்டியின் இசை இயக்குநர் ஆல்பர்ட் ஸ்டான்லி 1894-இல் தொடங்கிய மே விழா என்ற ஆண்டு இசைவிழா அந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கு வந்த வாத்தியக் குழுக்கள்: முதலில் பாஸ்டன் விழாக் குழு, 1905 முதல் சிகாகோ குழு, 1936 முதல் 1984 வரை பிலடெல்பியா குழு. உள்ளூர்க் குரல்கள் இவர்களோடு சேர்ந்தே பாடின.

அரங்கம் பிறகுதான் வந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஆர்தர் ஹில் உயிலில் எழுதிவைத்த 2,00,000 டாலரை வைத்து எழும்பிய ஹில் அரங்கம் 1913-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான். ஒலிக் கணக்கு ஹியூ டாலன்ட். சுவரும் கூரையும் பரவளையமாக, கார் விளக்கின் கிண்ணம் போல, வளைந்தவை. வளைவின் குவியத்தில், அதாவது மேடையில், எழும் ஒலி சிதறாமல் கடைசி மாடிவரை போகும். வசதிதான், ஆனால் அதே வளைவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். பின்வரிசை இருமலும் மேடையில் வந்து குவியும்.

நான்கு பேர் வாசிக்கும் கம்பி வாத்தியக் கச்சேரிக்கு 4,000 இருக்கைக்கு மேற்பட்ட அரங்கம் எதற்கு? 1941-இல் தொடங்கிய அறையிசைத் தொடர், அதாவது இப்படிச் சிலர் மட்டும் வாசிக்கும் கச்சேரிகளின் வரிசை, அதனால்தான் சுமார் 1,100 இருக்கை கொண்ட ரேக்கம் அரங்குக்குப் போனது.

மே விழா 1995-இல் நின்றது. கோரல் யூனியனின் 'மெசையா' மட்டும் இன்றும் டிசம்பரில் நடக்கிறது. 2002 முதல் 2004 வரை ஹில் அரங்கத்தைப் புதுப்பித்தபோது இருக்கைகள் 3,500 அளவுக்குக் குறைந்தன. சீட்டுக் கணக்கு பார்க்கிறவருக்கு அது இழப்பு: நிறைந்த கச்சேரி ஒவ்வொன்றிலும் 500 சீட்டுக்கு மேல் போயிற்று. பரவளைவில் மட்டும் கைவைக்கவில்லை.