நடக்க ஒரு பாதை வேண்டும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் நடந்த முதியோர் கூட்டம் ஒன்றில் பேசியது)

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த கமிட்டியாரே, வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, சமையலறையில் டீ போட்டபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தமிழ் வகுப்பு ஆசிரியைகளைச் சொல்லாமல் விட்டால் பிழை, அவர்களுக்கும் என் வணக்கம்.

இன்றைக்கு மூன்று விஷயம். மூளை நம்மை எப்படி நடக்க வைக்கிறது, தசை அதை எப்படிக் கேட்கிறது, நடக்க நமக்கு ஏன் ஒரு பாதை வேண்டும். அதற்கு முன்னால் எனக்குப் பிடித்த பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். 1913 நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியடிகள் எழுதி வைத்திருக்கிறார். அதில் எத்தனையோ பேர் நம் தமிழர், நியூகாசில் சுரங்கங்களை விட்டு நடந்தே வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரியை எதிர்த்து நடந்தார்கள், மறு வருடமே அந்த வரி ஒழிந்தது. நடந்தே வாங்கிய உரிமை அது!

சரி, மூளைக்கு வருவோம். எழுந்து நடக்கலாம் என்ற முடிவு மூளையில் பிறக்கிறது, கட்டளை மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. ஆனால் இடது, வலது என்று ஒவ்வோர் அடியையும் மூளை சொல்லிக்கொண்டிருப்பதில்லை. தண்டுவடத்திலேயே ஒரு நரம்பணுக் கூட்டம் அந்தத் தாளத்தைப் போடுகிறது. 1911இல் கிரஹாம் பிரவுன் என்பவர் இதைப் பூனைகளிடம் காட்டினார்: மூளையோடு இருந்த தொடர்பை அறுத்த பிறகும், காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை வெட்டிய பிறகும், பின்னங்கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கின. நமக்கு மூளையின் துணை பூனையைவிட அதிகம் தேவை, இரண்டு காலில் நிற்கிறோம் அல்லவா.

தசையின் பக்கம் பார்த்தால், நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, தசைக்குள் கால்சியம் வெளியாகிறது, மையோசின் என்ற புரத இழை ஆக்டின் என்ற இழையைப் பிடித்து இழுக்கிறது, தசை சுருங்குகிறது. குதிகால் தரையைத் தொட்டதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை பாதத்தைப் பதமாக இறக்கும், அப்புறம் கெண்டைக்கால் தசை உந்தித் தள்ளும், ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பின் பக்கத் தசை உடம்பைச் சாயாமல் பிடிக்கும். பாதமும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் அனுப்பும் சேதியைச் சிறுமூளை ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் அதில் ஒரு சேதி நின்றுபோகிறது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது, கை தூக்குங்கள் பார்க்கலாம்.

என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளையின் ஆழத்தில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டால் தானாக வர வேண்டிய அடி வராது. நிலைப்படிக்கு வந்தால் கால் ஒட்டிக்கொள்ளும், பெரியம்மா பின்னாலிருந்து "நடங்க, நடங்க" என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுகும், சில நாள் அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போவதற்குள் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள். தைப்பூசத்தன்று அவரைச் சக்கர நாற்காலியில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். காவடி புறப்பட்டது, உறுமி அடிக்கிறான், மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், தாளத்துக்கு ஒரு அடி, இன்னொரு அடி, என் தோளில் கை வைத்தபடி வாசல் வரைக்கும் நடந்துவிட்டார்! பெரியம்மா அங்கேயே கற்பூரம் ஏற்றினார், சுற்றி நின்றவர்கள் "அரோகரா" என்றார்கள். முருகன் அருள்தான், நானும் அப்படித்தான் நம்புகிறேன். அந்த அருள் வந்த வழியைப் பிறகு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: உள்ளே தாளம் தவறும்போது வெளியிலிருந்து வரும் தாளத்தையோ தரையில் தெரியும் கோட்டையோ பிடித்துக்கொண்டு மூளை வேறு பாதையில் காலை இயக்கும். உடனே வீட்டுத் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டினோம், பேரப்பிள்ளை டப்பாவில் தாளம் போட்டான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், பெரியப்பா குளியலறைக்கு நடந்தே போனார்.

ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால்? சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதை பாதி இடங்களில் பெயர்ந்து கிடக்கிறது, மீதியில் கார் நிற்கிறது. பக்கவாதம் வந்த மனிதர் மருத்துவமனையில் கற்ற நடையை எங்கே பழகுவார்? சேதமான மூளை புதுத் தொடர்புகளைப் பழக்கத்தால்தான் உண்டாக்குகிறது, அந்தப் பழக்கத்துக்குத் தினமும் நடக்க இடம் வேண்டும். மருந்து கொடுத்தார்கள், நன்றி. நான் கேட்பது சமமான ஒரு நடைபாதை, மேட்டில் கைப்பிடி, விளக்கு, நடுவில் உட்கார ஒரு பெஞ்சு.

கவுன்சிலர் அவர்களே, கோபமாகச் சொல்லவில்லை, மன்றாடிக் கேட்கிறேன். விண்ணப்பத் தாளைக் கதவருகே மேசையில் வைத்திருக்கிறேன், முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். மற்றவர்கள் டீக்குப் போகும் முன் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கோயில் வாசலில் இருந்து நடக்கிறோம், உறுமி வாசிக்கும் தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கைத்தடி உள்ளவர்கள் அதையும் எடுத்து வாருங்கள்.