அடிச் சிப்பாயைத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில், அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்த சதுரங்க வல்லபநாதராக ஈசன் வீற்றிருக்கிறார். அந்த மண்ணில் ஆட வருகிற பிள்ளைகள் தொடக்க நகர்த்தல்களை வெறும் மனப்பாடமாக வைத்திருப்பது எனக்குப் பெரிய குறை. எதிராளி பாதை மாறினால் கை நின்றுவிடும். சிப்பாய் நிலையை, அதாவது சிப்பாய்கள் எப்படி அணிவகுத்து நிற்கின்றன என்பதைப் படித்தவருக்கு அப்படி நிற்காது.

பலகை வேண்டாம், காதால் கேட்டாலே போதும். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்பது வெள்ளையின் இ4-க்குக் கருப்பு இ6 என்று பதில் சொல்லும் தொடக்கம். எழுத்து நெடுவரிசை, எண் அதில் எத்தனையாவது கட்டம் என்பது. வெள்ளை இ4, கருப்பு இ6. வெள்ளை டி4, கருப்பு டி5. அடுத்து வெள்ளை இ5 தள்ளுகிறது. நடுவில் நான்கு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. ராஜா பக்கம் வெள்ளைக்கு இடம் அதிகம். கருப்பின் சி8 பிஷப் இ6-க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது.

கருப்பு எதை அடிக்க வேண்டும்? துருத்தி நிற்கும் இ5-ஐயா? அதைத் தாங்குகிற டி4-ஐ! இப்படிக் கோணலாக ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சிப்பாய்களே சங்கிலி; அதன் அடியைத் தாக்கு என்று சதுரங்க மேதை நிம்சோவிச் வலியுறுத்தியது இதைத்தான். வரப்பின் அடியில் நண்டு வளை வைத்தால் மேல்மண் எவ்வளவு உயரம் இருந்தும் தண்ணீர் நிற்காதே, அதே கதைதான்.

எனவே சி5. வெள்ளை சி3 வைத்துத் தாங்கும். கருப்புக் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்பு ராணி பி6. எல்லாம் டி4-ஐக் குறிவைத்தே.

இங்கேதான் பலர் விழுகிறார்கள், கவனமாகக் கேளுங்கள். வெள்ளை பிஷப்பை டி3-இல் வைக்கிறது. கருப்பு சி5 சிப்பாயால் டி4-ஐ வெட்ட, வெள்ளை சி3 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. டி4 சும்மா கிடைப்பது போலத் தெரியும். குதிரையால் எடுத்தால் வெள்ளைக் குதிரை அதை வெட்டும். ராணியால் திருப்பி எடுத்தால் பிஷப் பி5-க்குப் போய்ச் செக் வைக்கும். பிஷப் விலகியதும் டி1 ராணியின் வழி திறந்து, கருப்பு ராணி போயிற்று! முதலில் கருப்பு பிஷப்பை டி7-இல் வையுங்கள். பி5 செக் அடைபடும்; அதன் பிறகு டி4 மேல் மிரட்டல் உண்மையாகிவிடும். ஒரே ஒரு நகர்த்தல், வரிசைதான் முக்கியம். வெள்ளை பிஷப்பை இ2-இல் வைத்தால் இந்த செக் உடனே கிடைக்காது; அப்போது ஜி8 குதிரையை இ7 வழியாக எஃப்5-க்குக் கொண்டுபோய் டி4 மேல் இன்னொரு காயை ஏற்றுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. வெள்ளையின் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எஃப்4, பிறகு எஃப்5, இ6 மேல் அடி. கருப்புக்கு எஃப்6 என்றொரு வழியும் உண்டு. ஆனால் வெள்ளை அங்கே வெட்டினால் இ6 பின்தங்கிய சிப்பாயாகிவிடும், அதாவது பக்கத்துச் சிப்பாய்களின் தாங்கல் இல்லாமல் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்தச் சிப்பாயை இ5-க்குத் தள்ள வழி பார்த்துவிட்டே எஃப்6-ஐத் தொடுங்கள். வணக்கம்.