மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு நாள் நடை: எந்தக் காலத்தில், எந்த வேளையில், எங்கே?

[காட்சி: மேலிருந்து தெரியும் கடற்கரை, அதை ஒட்டிய ஒடுங்கிய நிலம், வாவி, அதற்கு மேற்கே வயல்கள்]

வணக்கம். மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய நடைப்பயணங்களையும், அந்த வழிகளில் உள்ள குளங்கள், காடுகள், மலைகள், களப்புகள் ஆகியவற்றையும் இந்த விளக்கத்தில் பார்ப்போம். ஒரு நாள் பயணம் என்றதும் நம்மில் பலர் வரைபடத்தைத் திறந்து தூரத்தைத்தான் முதலில் அளக்கிறோம். இந்த இரு மாவட்டங்களையும் பொறுத்தவரை தூரத்தை இரண்டாவதாகப் பார்த்தால் போதும். எந்த மாதத்தில் போகிறோம், பகலின் எந்த வேளையில் அந்த இடத்தில் நிற்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், போகவேண்டிய இடம் தானாகவே தெளிவாகிவிடும். தை மாதத்தில் வான் பாய்கின்ற, அதாவது நிரம்பி மிகைநீர் வழிந்தோடுகின்ற, அதே குளம், ஆவணியில் யானைகள் மேயும் புல்வெளியாகக் கிடக்கும்.

நிலத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்வோம். கிழக்கே கடல் இருக்கிறது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களுமாக விரியும் நிலம் படுவான்கரை. படுவான்கரையையும் தாண்டி மேற்கே போனால் பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்த வறண்ட காடு தொடங்குகிறது. அந்தக் காட்டிலிருந்துதான் கரும்பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டுகின்றன. தெற்கே அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வழியாகப் பாணமை வரை போகும்போது, காடு மெல்ல மெல்லக் கடற்கரைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

மழையின் ஒழுங்கையும் பார்த்துவிடுவோம். நமக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரி காலத்தில்தான் குளங்கள் நிரம்புகின்றன. தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிட, ஈரம் இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் முகத்தில் அடிக்கும் கச்சானாக வந்து சேர்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் திறந்த பாறையில் நண்பகல் நடை நடப்பது உடலுக்குத் தீங்கானது. அந்த மாதங்களில் முற்பகல் பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடக்கூடிய குன்றுகளை மட்டுமே தெரிந்தெடுங்கள். இல்லையெனில் குளக்கரைக்கோ நிழல் உள்ள ஆற்றங்கரைக்கோ செல்லுங்கள்.

[காட்சி: வற்றிய குளத்தின் நடுவே பச்சைப் புல், அதில் நிற்கும் யானைகள்]

இனி குளங்கள். கச்சான் காலத்தில் நீர் வற்ற வற்றக் குளத்தின் விளிம்பில் சேறு வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில் இளம் புல் முளைக்கிறது. காட்டில் மற்ற எல்லாம் காய்ந்து கிடக்கும் வேளையில் அந்தப் பசுமையைத் தேடி யானைகள் இறங்கி வருகின்றன. இதை மிக அருகிலிருந்து பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று பொத்துவிலுக்கு மேற்கே, சியம்பலாண்டுவ நோக்கிச் செல்லும் வீதியின் ஓரத்தில் உள்ள லகுகல. லகுகல கித்துலான தேசியப் பூங்கா 1980ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 1,554 ஹெக்டயர் மட்டுமே. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. எனினும் லகுகல, கித்துலான, செங்கமுவ ஆகிய மூன்று குளங்களும் அதற்குள் அடங்குகின்றன. இக்குளங்களின் ஆழம் குறைந்த நீரில் பேரு எனப்படும் ஒருவகைப் புல் அடர்ந்து வளர்கிறது. யானை தும்பிக்கையால் அதைக் கற்றையாகச் சுற்றிப் பிடித்து, வேரோடு இழுத்து, முன்னங்காலில் அடித்து மண்ணை உதறிவிட்டுப் பிறகுதான் வாயில் வைக்கும். தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் இந்தக் காட்சியை வீதியோரத்தில் பாதுகாப்பான தூரத்தில் நின்றபடியே பார்க்கலாம். பொத்துவிலுக்கு அலைச்சறுக்குக்காக வரும் வெளிநாட்டவர்கள் அறிந்து வைத்திருக்கும் இந்தக் குளத்தை, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அம்பாறை நகருக்கு மேற்கே இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரம் இதே கதையின் பெரிய வடிவம். பட்டிப்பளை ஆற்றை, அதாவது கல்லோயாவை, மறித்து 1949ஆம் ஆண்டு தொடங்கிய அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அணை கட்டப்பட்டபோது, பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கி, குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக எஞ்சின. அந்த நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954ஆம் ஆண்டு கல்லோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தீவுகளில் உள்ள புல்லுக்காக யானைகள் தும்பிக்கையை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திச் செல்வதைப் படகிலிருந்து பார்க்கலாம். இதற்கு ஏற்ற காலம் மார்ச் முதல் ஜூலை வரை. படகு ஏற்பாட்டையும் அனுமதிச் சீட்டையும் முன்கூட்டியே வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, காலை முதல் படகிலேயே ஏறிவிடுவது நல்லது. பிற்பகலில் காற்று எழுந்தால் நீர் அலைமோதத் தொடங்கிவிடும்.

மட்டக்களப்புப் பக்கத்தில் உன்னிச்சையும் உறுகாமமும் மாரி முடிந்த கையோடு பார்க்கவேண்டியவை. குளக்கட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் நீரும் மறு பக்கம் கதிர் விட்ட வயலுமாக இருக்கும். வான் பாயும் நாட்களில் அதன் கீழே இறங்கிக் குளிக்க ஆசை வரும். நீரின் வேகம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் என்பதாலும், பாசி படிந்த சீமெந்துத் தளம் காலை நிற்க விடாது என்பதாலும் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

[காட்சி: வாவியின் குறுக்கே நகரும் பாதை எனப்படும் மிதவைப் படகு, அதில் மோட்டார் சைக்கிள்கள், அரிசி மூட்டைகள், பாடசாலைப் பிள்ளைகள்]

வாவிக்கு வருவோம். பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பைப் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் கல்லடிப் பாலத்தில் நின்று ஒரு படம் எடுப்பதோடு முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில், வாவியை அறிய மிகச் சிறந்த ஒரு நாள் வழி குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குக் கடப்பதாகும். மிதவைகளின் மேல் தளம் அமைத்து ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பாதை, எழுவான்கரையிலிருந்து உங்களைப் படுவான்கரையில் கொண்டுபோய் இறக்கும். அங்கே சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூர் முருகன் கோயில் இருக்கிறது. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திர ஒலியின்றி நடத்தும் பூசை அக்கோயிலின் தனித்த மரபு. கோயிலிலிருந்து வயல் வட்டைகளுக்கு ஊடாக நடந்துவிட்டு, பிற்பகல் வெயில் தணியும் வேளையில் மீண்டும் துறைக்கு வந்தால், கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இரை தேடித் திரும்பும் நேரமாக இருக்கும். பாதைச் சேவை ஓடும் நேரங்களைத் துறையிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நகருக்கு அருகிலேயே நடக்க விரும்புவோர் பாலமீன்மடுவுக்குச் செல்லலாம். அங்குள்ள வெளிச்சவீட்டைச் சுற்றிக் கண்டல் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேல்நோக்கி நிற்பதையும், அவற்றின் இடுக்குகளில் இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வதையும் நீர் வற்றும் வேளையில் கரையில் நின்றே காணலாம். முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும். மாரியில் வாவி பெருகி வயல்களுக்குள் வெள்ளம் ஏறத் தொடங்கினால் அதை வெட்டிவிடுவார்கள், அப்போது கலங்கிய நீர் கடலுக்குள் பாய்ந்து நெடுந்தூரம் மண்ணிறமாகத் தெரியும்.

பாடும் மீன்களைப் பற்றி ஒரு சொல். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தை அண்டிய வாவிப் பகுதியில், கோடைகால முழுநிலா இரவுகளில், நீருக்குள்ளிருந்து நரம்பை மீட்டுவது போன்ற ஒலி கேட்பதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1848ஆம் ஆண்டு இங்கு வந்த, அன்றைய இலங்கையின் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைத் தாம் கேட்டதாக எழுதி, அது நத்தை போன்ற உயிரிகளிடமிருந்து வரலாம் என்று கருதினார். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையில் காதை வைத்துக் கேட்பதே மீனவர்கள் காட்டும் முறை. கேட்க விரும்புவோர் நிலா ஏறியபின் இயந்திரம் இல்லாத தோணியில் செல்ல வேண்டும்.

பாசிக்குடாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முருகைக்கற் பாறை அலையைத் தடுப்பதால் நெடுந்தூரம் வரை இடுப்பளவு நீரே இருக்கும். சிறு பிள்ளைகளோடு செல்ல நல்ல இடம்.

[காட்சி: வயல்களுக்கு அப்பால் தனித்து நிற்கும் குடும்பிமலை]

மலை ஏற விரும்புவோருக்கு மட்டக்களப்பில் குடும்பிமலையே முதன்மையானது. கிரானிலிருந்து மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல் வழியாக வயல்களையும் பற்றைக்காட்டையும் கடந்து செல்ல வேண்டும். மாரியில் இந்த வீதியின் மேலாக வெள்ளம் பாயும். ஊர் மக்களே படகில் போக்குவரத்துச் செய்யும் அந்த நாட்களில் பயணிகள் அங்கு செல்லக் கூடாது. 2007ஆம் ஆண்டு வரை போர் நடந்த நிலம் இது. மக்கள் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து குடியேறி, மாடு வளர்த்தும் வேளாண்மை செய்தும் வாழ்கிறார்கள். வழியில் தென்படும் வாடிகளும் மாட்டுப்பட்டிகளும் அவர்களுடைய வாழ்வாதாரம் என்பதால், கேட்காமல் உள்ளே நுழைவதும் படம் எடுப்பதும் முறையன்று. ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் சென்று, அவருக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

பெயர் நெருக்கத்தால் பலர் இதனோடு குழப்பிக்கொள்ளும் குடும்பிகல வேறோர் இடம். அது அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், பாணமைக்கும் உகந்தைக்கும் இடையே உள்ள காட்டில் அமைந்த பௌத்த ஆரணிய மடம். பாறையின் உச்சிக்கு ஏறினால் சிறிய தாதுகோபம் ஒன்றும், அதைச் சுற்றி நாலாபுறமும் பரந்த காடும், கிழக்கே கடலும் தெரியும். துறவிகள் தவமிருக்கும் இடம் என்பதால் அடக்கமாக உடுத்தி, சத்தமின்றிச் செல்ல வேண்டும். அம்பாறை நகருக்கு வடக்கே ராஜகலவில், காட்டுக்குள் பரவிக் கிடக்கும் தொல்லியல் எச்சங்களின் நடுவே நடப்பது இன்னொரு வகை அனுபவம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயரைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. மர நிழல் உள்ள ஏற்றம் என்பதால் வெயில் காலத்திற்கும் அது ஓரளவு ஏற்றது.

[காட்சி: உகந்தை முருகன் கோயில், கடற்பாறைகள், அடியார்கள் வரிசையாகக் காட்டுக்குள் நுழைதல்]

நம் பிரதேசத்தின் மிகப் பழைய நடைபாதை ஒரு யாத்திரைப் பாதையாகும். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் உகந்தையில் கூடி, கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுவழி திறக்கப்படும் நாட்களில் மட்டும், குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் வழியாகச் செல்கிறார்கள். பல நாள் எடுக்கும் அந்த நடையை ஒரு நாளில் செய்ய இயலாது. ஏனைய காலங்களில், அவ்வழி ஊடறுத்துச் செல்லும் குமண, யால தேசியப் பூங்காக்களுக்குள் கால்நடையாகச் செல்லவும் அனுமதி இல்லை. ஆனால் அவர்கள் நடக்கும் முறை எல்லா நடைக்கும் பொருந்தும். விடியும் முன்னே புறப்படுகிறார்கள். வெயில் ஏறுமுன் மரநிழலில் தங்கிவிடுகிறார்கள். குழுவை விட்டு யாரும் பிரிவதில்லை. வற்றிய ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, நீர் தெளியும் வரை காத்திருந்து எடுக்கிறார்கள். பாலைப்பழம் பழுக்கும் அந்த மாதங்களில் கரடியும் அதே மரத்தடிக்கு வரும் என்பதால், நிலத்தில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குமுன் மரத்தின் மேலே ஒருமுறை பார்க்கிறார்கள்.

ஒரு நாளில் செல்வோர் உகந்தையில் வழிபட்டுவிட்டு, வாகனத்தில் குமண தேசியப் பூங்காவுக்குள் செல்லலாம். கண்டல் சூழ்ந்த குமண வில் என்னும் ஆழமற்ற நீர்நிலையில் மே, ஜூன் மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டும். 1970ஆம் ஆண்டு யால கிழக்கு என்ற பெயரில் அமைக்கப்பட்ட இப்பூங்கா, 1985 முதல் 2003 வரை மூடப்பட்டுக் கிடந்து, 2006ஆம் ஆண்டு குமண என்ற பெயரைப் பெற்றது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் மட்டுமே நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதால், அங்கிருந்து வருவோர் நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டால்தான் பறவைகள் பறக்கும் வேளையில் வில்லின் கரையில் நிற்க முடியும்.

கடைசியாக யானை. படுவான்கரையில் வாழும் விவசாயிகள் இரவிரவாகப் பரணில் விழித்திருந்து பயிரைக் காக்கிறார்கள். ஆண்டுதோறும் மனித உயிர்களும் யானைகளின் உயிர்களும் இந்த மோதலில் போகின்றன. ஆகவே காட்டோர வீதிகளிலிருந்து பிற்பகல் நான்கு மணிக்குள் வெளியேறுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். யானைக்குக் கண்பார்வை மங்கலானது, மோப்பம் மிகக் கூர்மையானது. நம்மிடமிருந்து அதை நோக்கிக் காற்று வீசினால் நாம் அதைக் காணுமுன் அது நம்மை அறிந்துவிடும். வீதியில் புதிய சாணமோ முறிந்த ஈரக் கிளையோ தென்பட்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். வழியில் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் எறிவதால் அது வாகனங்களை எதிர்பார்த்து வீதிக்கு வரப் பழகி, அடுத்த நாள் சைக்கிளில் வரும் கூலித் தொழிலாளியை வழிமறிக்கும். குளங்களிலும் களப்புகளிலும் முதலை உண்டு. ஊரவர் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் நீரில் இறங்காதீர்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர், தொப்பி, கணுக்காலை மூடும் சப்பாத்து, மின்சூள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மாரி மாதங்களாயின், புறப்படும் நாள் காலையில் அந்தப் பகுதிக் குளத்தின் வான்கதவு திறக்கப்பட்டுள்ளதா என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.